பதினஞ்சு தப்படி

ஜன்னலோரம் வேணும்னா நீங்களே இருந்துக்கிடுங்க அண்ணாச்சி. எனக்கு வெளிய பாக்க ஒண்ணும் இல்ல. வண்டி மதுரைக்குப் போனாச் சரி. மணி என்ன ஆவுது? மூணே முக்காலா? பாத்தியளா, டிரைவர் டீ குடிக்க எறங்கி கால் மணி நேரம் ஆச்சி. தூத்துக்குடியில குடிச்சவன் எட்டயபுரத்துலயும் குடிக்கணுமா? கண்டக்டர்ட்ட கேட்டா, 'பெருசு, பறந்தா போவ முடியும்'ங்கான். அவனுக்கு என்ன, அவன் புள்ளையா ஆஸ்பத்திரியில கிடக்கு?

என்ன விசயம்னு நீங்க கேக்காட்டியும் நான் சொல்லுவேன். சொல்லாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும்.

எம்மவன் மதுரையில ஆஸ்பத்திரியில இருக்கான். வலது தோள்பட்டை. உள்ள நரம்போ நாரோ ரெண்டு அறுந்து தொங்குதாம். நாளைக்குக் காலையில ஆபரேசன். தைச்சா தேறும், தைக்காட்டி ஆயுசுக்கும் சோத்துக்கைய தலைக்கு மேல தூக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஹார்பர்ல கிரேன் ஓட்டுதவன். ஒத்தக் கைய வெச்சிக்கிட்டு என்னத்த ஓட்டுவான்? இப்ப அவன் ஆபரேசனே வேண்டாங்கான். பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேங்கான். 'இந்தக் கை இருந்து என்ன பிரயோசனம், போனா போவட்டும்'ங்கான். முப்பத்தெட்டு வயசு. ரெண்டு பொட்டப்புள்ளைக்குத் தகப்பன். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கையெழுத்து வரலைன்னா நாளைக்கு அவன் எடத்துல வேற ஆளைப் படுக்கப் போட்டுருவாங்க. அப்புறம் டாக்டர் வெளிநாடு போயி ஒரு மாசம் கழிச்சித்தான் வருவாராம். அதுக்குள்ள அறுந்தது சுருங்கிப்போயி, தைச்சாலும் ஒட்டாதாம்.

எம்பொஞ்சாதி சொர்ணம் அங்கதான் கூட இருக்கா. மத்தியானம் போன் போட்டா. 'இங்கேருங்க, கெடுத்தது நீங்க. நீங்களே வந்து சரி பண்ணுங்க. அவன் முன்னால நின்னு, ஜெரோமைவிட நீதாம்யா வேகம்னு ஒத்த வார்த்த சொல்லுங்க. பொய்யாவே இருந்துட்டுப் போவட்டும், சொல்லுங்க. சொல்லாம வீட்டுப் படி ஏறிராதிய'ன்னுட்டு வெச்சிட்டா. நாப்பது வருசத்துல என்ட்ட அவ அப்படிப் பேசினதே கிடையாது.

நான் கெடுத்தேனாம். நான் என்னத்தக் கெடுத்தேன்? உள்ளதச் சொன்னேன்.

நீங்க கிரிக்கெட் பாப்பியளா? டிவியில பாப்பிய. டிவியில ஓரத்துல நம்பர் போட்டுருதான், மணிக்கு இத்தன கிலோமீட்டர்னு. எங்க மாவட்ட லீக்குல அதெல்லாம் ஏது? எங்களுக்கு வேகத்துக்கு ஒரே அளவுதான். கீப்பர் நிக்கிற தூரம். பந்து தரையில குத்தி எழும்பி வந்து கீப்பரோட இடுப்பு உசரத்துல கையில விழணும். அதுக்கு ஸ்டம்புலேர்ந்து எத்தன தப்படி பின்னால நிக்கணுமோ அதான் அந்த பவுலரோட வேகம். பன்னெண்டு தப்படின்னா சும்மா உருட்டுதான்னு அர்த்தம். பதினஞ்சுன்னா சுமார். பதினெட்டுன்னா டீமுக்குள்ள கூப்பிட்டுச் சேத்துக்கிடுவாங்க. இதுல கீப்பர் பொய் சொல்ல முடியாது அண்ணாச்சி. கிட்ட நின்னா மூஞ்சி பேந்துரும்.

நான் கீப்பர். மார்னிங் ஸ்டார் கிளப், ஆறுமுகநயினார்னு அந்தக் காலத்து ஆள் யார்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. எழுபத்தொம்பதுலேர்ந்து எண்பத்தாறு முடிய, ஜெரோம் பர்னாந்து பந்தப் பிடிச்ச கை இது. பாருங்க. இந்தச் சுண்டுவிரல் நிமிராது, பாளையங்கோட்டையில ஒடஞ்சது. இந்த மோதிர விரல் ரெண்டு தடவ. இந்தக் கட்டைவிரல் நகம் மூணு தடவ விழுந்து மொளச்சது. சோறு பிசையும்போது இப்பவும் வலிக்கும். வலிச்சா எனக்கு ஒரு சந்தோசம். ஆமா, சிரிக்காதிய.

ஜெரோம் அண்ணன் உப்பளத்துல மூடை தூக்குன ஆளு. செருப்புகூட கிடையாது, ரப்பர் ஷூ ஒண்ணு, அதுவும் கிளப்புதான் வாங்கிக் குடுத்துச்சு. ஓடி வந்தாருன்னா அடிக்கிறவன் அம்மையத் தேடுவான். நான் இருபத்தோரு தப்படியில நிப்பேன். இருபத்தோரு தப்படி அண்ணாச்சி! அதுக்கு முன்னால எங்க மாவட்டத்துல பதினெட்டத் தாண்டினவன் கிடையாது. ஒரு மில்லு டீமுக்கு எதிரா பத்தொம்பது ரன்னுக்கு எட்டு விக்கெட்டு எடுத்தாரு. அதுல அஞ்சு என் கையில கேட்ச். ஊருல என்னப் பாத்தா 'ஜெரோம் கீப்பரு வாராரு'ம்பான். என் பேரச் சொல்ல மாட்டான். எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

அப்புறம் எம்மவன் வந்தான். செந்தூர்பாண்டி. நாங்க பாண்டின்னு கூப்பிடுவோம். முந்நூத்திப் பதினோரு விக்கெட்டு எடுத்திருக்கான் லீக்குல. ஜெரோம் அண்ணன் இருநூத்தி நாலு. எல்லாரும் இதத்தான் தூக்கிக்கிட்டு வருவான், முந்நூறு பெருசா இருநூறு பெருசான்னு. லே கூறுகெட்டவங்களா, இவன் பதினேழு வருசம் ஆடினான், அவரு ஏழு வருசம் ஆடினாரு. இவன் ஆடினது புல்லுத் தரையில, அவரு ஆடினது தேங்காநார்ப் பாய் விரிச்ச தரையில. அன்னைக்கு ஹெல்மெட்டு கிடையாது, அடிக்கிறவனுக்கு நெஞ்சுரம் இருந்துச்சு. இன்னைக்கு ஒவ்வொருத்தனும் கப்பல்ல ஏத்துத சாமான் மாதிரி மூட்டை கட்டிக்கிட்டு வந்து நிக்கான், அவன அவுட்டாக்குதது ஒரு பெருமையா? 'ஹெல்மெட்டு இருந்தா பயமில்லாம அடிப்பான், அவன அவுட்டாக்குததுதான் கஷ்டம்'னு பாண்டி ஒரு நாள் சொன்னான். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது. சின்னப்பய பேச்சு.

அவன் பந்துக்குக் கடைசியா நின்ன கீப்பர் இருபத்திரண்டு தப்படியில நிப்பான். அதையும் சொல்லுவாங்க. அந்தக் கீப்பருக்குக் கால் குட்டை. அவன் தப்படி எனக்கு முக்கால் தப்படி. அளந்து காட்டியிருக்கேன் நான், கிளப்புல எல்லாரையும் நிக்க வெச்சி.

அப்பாடா, வண்டிய எடுத்துட்டான். போ ராசா, மிதி.

போன மாசம் கிளப்புக்கு அம்பது வருசம். பெரிய விழா. பந்தல், மைக்கு, பிரியாணி. மைதானத்துல ஹார்பர் பக்கத்து முனைக்கு ஒரு பேரு வைக்கணும்னு முடிவு பண்ணினாங்க. எங்க ஊருல வேகமாப் போடுதவன் எல்லாம் அந்த முனையிலேர்ந்துதான் ஓடி வருவான், கடல்காத்து முதுகுல தள்ளும். ஜெரோம் பேரா, பாண்டி பேரா? கமிட்டியில பத்துப் பேரு. அஞ்சுக்கு அஞ்சு. தலைவரு மைக்கக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டாரு. 'ரெண்டு பேரையும் கிட்டத்துல பாத்த ஒரே ஆளு நயினார் அண்ணன்தான். ஒருத்தருக்குக் கீப்பரு, ஒருத்தருக்குத் தகப்பன். அவரு சொல்லுததுதான் முடிவு'ன்னுட்டாரு.

மூணாவது வரிசையில பாண்டி இருக்கான். பக்கத்துல மருமவ, ரெண்டு பேத்தி. மூத்த பேத்தி கை தட்டுததுக்கு ரெடியா ரெண்டு கையையும் தூக்கி வெச்சிக்கிட்டு என்னையே பாக்குது.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணணும்? பெத்த புள்ளன்னு பாத்தா ஊர் சிரிக்காதா? அப்பன் மவனுக்குப் பட்டம் கட்டிட்டான்னு சொல்ல மாட்டானா? நான் நீதியாப் பேசினேன். இருவது நிமிசம். பாய்த் தரை, புல்லுத் தரை, ஹெல்மெட்டு, தப்படி, ஒண்ணு விடல. என் வெரலு எல்லாத்தையும் தூக்கிக் காட்டினேன். கடைசியா, 'பாண்டி நல்ல பவுலரு, ஆனா ஜெரோம் போட்ட பந்துல பாதி வேகம் வராது'ன்னு சொல்லி மைக்க வெச்சேன். கூட்டம் எந்திரிச்சி நின்னு கை தட்டுச்சி. பெத்த புள்ளைய விட்டுக் குடுத்துட்டாரே, எப்பேர்ப்பட்ட மனுசன்னு பேசினாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு, பொய் சொல்லுவானேன். திரும்பிப் பாத்தா மூணாவது வரிசையில நாலு சேரும் காலி.

பாதி வேகம்னு சொன்னது கொஞ்சம் ஜாஸ்திதான். மைக்கு கையில இருந்தா வாய் நிக்காது.

ஜெரோம் அண்ணன் மொத வரிசையில இருந்தாரு. எழுபத்திரண்டு வயசு, கம்பு ஊணித்தான் நடக்காரு. ஊணிக்கிட்டே எங்கிட்ட வந்தாரு. கட்டிப்பிடிப்பாருன்னு நான் கைய விரிச்சிட்டேன். 'வே நயினாரு, ஒமக்குக் கிறுக்கா? பாயில பந்து கூடுதலா எழும்பும்வே, அதனாலதான் நீரு அவ்வளவு தள்ளி நின்னீரு. ஒம்ம மவன் என்னையவிட வேகம்வே. மைதானத்துல கண்ணுள்ளவன் எல்லாருக்கும் தெரியும். சபையில வெச்சி அந்தப் பயல இப்படியா பண்ணுவீரு?'ன்னு ஏசிட்டுப் போயிட்டாரு. பெரிய மனுசன் அண்ணாச்சி. தன் பெருமையத் தானே பேசுவாரா? தன்னடக்கம். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

மறுநாள் விழாவுக்காக ஒரு காட்சி மேட்ச்சு. பாண்டி ஆடுததாவே இல்ல. ரெண்டு வருசமா தோள்பட்டை வலி, பந்தத் தொடாதேன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. காலையில பாத்தா வெள்ள டிரெஸ்ஸப் போட்டுக்கிட்டு வந்து நிக்கான். கேப்டன்ட்ட பந்தப் பிடுங்காத கொறையா வாங்கினான். அந்த முனைக்குப் போனான். ஜெரோம்னு அன்னைக்குக் காலையிலதான் பலகை அடிச்சிருந்தாங்க. அதுக்கு முன்னால நின்னு ஓடி வந்தான்.

மொதப் பந்து. கீப்பர் இருபத்தொண்ணுல நிக்கான், பந்து அவன் தலைக்கு மேல போச்சு. பாண்டி கையக் காட்டி, பின்னால போ, பின்னால போங்கான். ரெண்டாவது பந்து. இன்னும் போங்கான். மூணாவது பந்துக்குக் கீப்பர் பவுண்டரிக் கோட்டுக்குப் பாதி தூரம் போயிட்டான். ஒவ்வொரு பந்தும் போட்டுட்டு பாண்டி ஸ்டம்பப் பாக்கல, அடிக்கிறவனப் பாக்கல. பந்தல்ல நான் இருக்கிற பக்கம் பாத்தான். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பக்கத்துல இருந்தவன்ட்ட, 'புல்லுத் தரையில அப்படித்தான் வழுக்கிட்டு வரும்'னு விளக்கம் சொல்லிட்டு இருந்தேன். அஞ்சாவது பந்துல கை மேல போச்சு, கீழ வரல. வெறகு முறியுத சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டுச்சு. அப்படியே முட்டுக் குத்தி உக்காந்தான். அப்பவும் என்னத்தான் பாத்தான்.

தண்ணி இருக்கா? ஒரு மடக்கு குடுங்க.

அருப்புக்கோட்டை தாண்டிட்டோமா? மணி? நாலே முக்காலா? சரி. சரி. போயிருவோம்.

அண்ணாச்சி, ஒரு ஒதவி பண்ணுவியளா? கோவிச்சிக்கிடக் கூடாது. நீங்க பாண்டின்னு வெச்சிக்கிடுவோம். கட்டில்ல படுத்திருக்கிய. நான் உள்ள வாரேன். ஒரு தடவ சொல்லிப் பாத்துருதேன், அங்க போயி நாக்கு ஒட்டிக்கிடக் கூடாது பாருங்க. எய்யா பாண்டி... நீதாம்யா வேகம். ஜெரோமைவிட நீதாம்யா... ஆனா அந்தக் காலத்துல பாய் விரிச்ச தரையில... சவம், வந்துட்டு பாத்தியளா. இருங்க. எய்யா பாண்டி, ஜெரோமைவிட நீதாம்யா வேகம். இந்தக் காலத்துப் பவுலர்ல. எதுக்கு அந்த வார்த்த வருது? நான் சொல்லணும்னு நெனைக்கல, அதுவா வருது. நாலு வார்த்த அண்ணாச்சி. கிளிப்புள்ள சொல்லிரும். நான் அறுபத்தாறு வயசு கிழட்டு மூதி, என்னால முடியல. சொர்ணம் கேட்டது பொய்தான? பொய் சொல்ல எனக்கு என்ன கஷ்டம்? எல்.ஐ.சி. ஏஜென்டா முப்பது வருசம் இருந்திருக்கேன்.

என்னது? அவன் பந்த நான் பிடிச்சிருக்கேனான்னா கேட்டிய?

ஏன் அத கேட்டிய?

இருபது வருசமா யாரும் கேக்கல. ஜெரோம் அண்ணன்கூட கேக்கல. ரெண்டு பேரையும் பாத்த ஆளுன்னு மைக்கக் குடுத்தவங்க யாருமே கேக்கல.

பிடிச்சதில்ல. ஒரே ஒரு தடவ நின்னேன். அவனுக்குப் பத்தொம்பது வயசு, அப்பத்தான் டீமுல எடுத்திருந்தாங்க. ஒரு நாள் விடியக்காலம் வந்து எழுப்பினான். 'எப்பா, ஒரே ஒரு பந்து பிடிங்கப்பா. நான் எத்தன தப்படின்னு நீங்க சொல்லுங்க'ன்னான். மைதானத்துல ஆள் இல்ல. பழைய கிளவுசப் போட்டுக்கிட்டு ஸ்டம்புலேர்ந்து எண்ணினேன். அவன் பதினெட்டு பத்தொம்பது தப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும், தள்ளி நின்னு பாத்திருக்கேன். ஆனா பதினஞ்சுல நின்னுட்டேன். கால் அங்கயே நின்னுபோச்சு. பெத்த புள்ள பதினஞ்சுதான் இருக்கணும்னு தோணிச்சோ என்னவோ. பதினாறாவது தப்படி எடுத்து வைக்க மனசு வரல.

ஓடி வந்தான். கை சுத்தினதப் பாத்தேன். அவ்வளவுதான் அண்ணாச்சி. அதுக்கப்புறம் பந்த நான் பாக்கல. காதோரம் காத்து வந்துச்சு, பின்னால தகரத் தட்டியில டமார்னு சத்தம் கேட்டுச்சு. கை இன்னும் முட்டிக்குக் கீழதான் இருக்கு, தூக்கவே இல்ல. ஏழு வருசம் ஜெரோம் பந்த ஒண்ணுகூட பாக்காம விட்டதில்ல நான். தப்பவிட்டிருக்கேன், கண்ணுல படாமப் போனதில்ல.

அவன் ஓடி வந்தான். மூஞ்சியெல்லாம் சிரிப்பு. 'எத்தனப்பா?'ன்னான்.

'பதினஞ்சு. அதுவும் வழி தவறிப் போச்சு. இன்னும் நல்லாப் போட்டுப் பழகு'ன்னு சொன்னேன்.

சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்த? மாத்தினா இந்த வெரலுக்கெல்லாம் என்ன அர்த்தம்? ஜெரோம் கீப்பருன்னு ஊருல சொல்லுதானே, அதுக்கு என்ன அர்த்தம்? அவன் பதினேழு வருசம் ஒவ்வொரு மேட்ச்சு முடிஞ்சு வந்தும் என் மூஞ்சியப் பாப்பான். நான் பாய்த் தரையப் பத்திப் பேசுவேன். அவன் இன்னும் வேகமாப் போடுவான். தோள்பட்டைய நான்தான் அண்ணாச்சி அறுத்தேன். ஒரே நாள்ல இல்ல, கொஞ்சங் கொஞ்சமா. ஐயோ, நான்தான்.

அழலை. கண்ணு உறுத்துது.

என்ன நின்னுட்டான்? என்ன கண்டக்டரே? ரயில்வே கேட்டா? எவ்வளவு நேரம்? யாருக்குத் தெரியுமா? மணி அஞ்சு பத்து. போச்சு. இன்னும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு போயி, ஆட்டோ பிடிச்சி, மாடி ஏறி... ஆறு தாண்டிரும். போச்சு அண்ணாச்சி.

போன்லயா? எடுக்க மாட்டானே. சொர்ணத்துக்குப் போட்டுக் காதுல வைக்கச் சொல்லட்டுமா? நீங்க சொன்னா சரி. நீங்களே அந்த நம்பர அமுக்குங்க. சொர்ணம்னு இருக்கும் பாருங்க.

ஏட்டி சொர்ணம், நான்தான். வண்டி நின்னுபோச்சு. அவன் காதுல வை. பேச மாட்டான்னா பேச வேண்டாம், கேக்கட்டும். வை. வெச்சிட்டியா? எய்யா பாண்டி. நான் அப்பா பேசுதேன். அந்த ஒத்தப் பந்து, விடியக்காலம் போட்டது... அத நான் பாக்கலடா. வழி தவறல. என் கண்ணுல படவே இல்ல. அப்படி ஒரு பந்து எனக்கு யாரும் போட்டதில்ல. ஜெரோமும் போட்டதில்ல. பதினஞ்சுன்னு பொய் சொல்லிட்டேன். பொறாமைல பொய் சொல்லிட்டேன்யா. கையெழுத்துப் போட்டுருய்யா. அப்பாவ என்ன வேணும்னாலும் பண்ணு, கையெழுத்துப் போட்டுரு... பாண்டி? கேக்கியா? சொல்லுய்யா.

ம்.

ம்... சரிய்யா. சரி.

வெச்சிட்டான் அண்ணாச்சி.

'தெரியும்ப்பா'ன்னான். 'நீங்க எண்ணும்போது நானும் எண்ணினேன். பதினஞ்சுல நிக்கியேன்னு நெனச்சேன். பந்து போனப்ப உங்க கை அசையலங்கிறதையும் பாத்தேன். என்னைக்காவது சொல்லுவியன்னுதான் போட்டுக்கிட்டே இருந்தேன். அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அன்னைக்கோட பந்தக் கீழ வெச்சிட்டு வேற சோலியப் பாத்திருப்பேன்'ன்னான். சத்தமே போடல. ஏசியிருந்தா நல்லாருக்கும். அப்புறம், 'எம்மா, அந்தப் பேப்பரக் குடு'ன்னு கேக்குததும் காதுல விழுந்துச்சு. போட்டுருவான். கையெழுத்துப் போட்டுருவான் அண்ணாச்சி.

ஆனா, 'நீங்க வராதிய, திரும்பிப் போயிருங்க'ன்னுட்டான். 'ஆபரேசன் முடிஞ்சி, கை தூக்க வருதான்னு பாத்துட்டு நானே கூப்பிடுதேன்'னான்.

கூப்பிடுவானா? நீங்களும் ஒருத்தருக்கு மவன்தான, சொல்லுங்க அண்ணாச்சி. கூப்பிடுவானா?